வாசலுக்கு மேலே எழுதியிருந்தது

பிப்ரவரி 17, திங்கள்

குழாய்க்காரன் இன்றைக்கும் வரவில்லை. பின்பக்கத்துக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன். அது நிறைகிற சத்தம்தான் இன்றைக்கு எனக்குப் பேச்சுத்துணை.

சாயங்காலம் மகன் வந்தான். வந்ததும் வராததுமாக அவனே அடுப்படிக்குப் போய்க் காபி போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தான். அவன் காபி போட்டால் பின்னால் ஒரு காரியம் வருகிறது என்று அர்த்தம். அவன் அப்பாவுக்கும் இதே குணம்.

ஊரையெல்லாம் சுற்றிவிட்டு விஷயத்துக்கு வந்தான். அவன் சித்திக்குக் கண் ஆபரேஷன். பெரிய பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில், அதைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில். அவள் பெற்ற பிள்ளை கடல் தாண்டி இருக்கிறான், உடனே வர முடியாதாம். இவனுக்கு லீவு இல்லை. பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டுமாம். மருமகளுக்குக் கைக்குழந்தை. மிச்சம் யார்?

சித்தி என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதால் குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் டீச்சர். எனக்கும் டீச்சர்தான். நான் சொல்லும்போது மட்டும் அந்தச் சொல் கொஞ்சம் புளிக்கும்.

"சித்திக்கு வேற யாரும்மா இருக்கா?" என்றான்.

அன்றைக்கு என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லும்போதே அவள் அதை யோசித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 18

போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாளி இரண்டு தடவை நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

போகிறேன்.

ஏன் என்று எனக்கு நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். பாசம் என்று பின்னால் யாரும் கதை கட்டக்கூடாது.

அவள் கல்யாணமாகி வந்த புதிது. ஒரே வீடு, ஒரே அடுப்பு. நான் மூத்தவள், அடுப்படி என் ராஜ்ஜியம். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று எனக்கு அதன் நெளிசலைப் பார்த்தே தெரியும். மூடி வளைந்தது சர்க்கரை. அடி ஒடுங்கினது உப்பு. எழுத்து எனக்கு எதற்கு? மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், படித்ததும் மறந்துபோயிற்று. அதனால் அடுப்பு எரியாமலா போனது?

டீச்சர் வந்தாள். டப்பா அசிங்கமாக இருக்கிறது என்றாள். நான் தூங்கி எழுவதற்குள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் அழகாக எழுதி ஒட்டிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே மாமனார் வேலை பார்த்த மில்லின் மேனேஜர் குடும்பத்தோடு வந்தார். நான் டீ போட்டேன். பாட்டிலில் வெள்ளையாக இருந்தது, போட்டேன். மேனேஜர் ஒரு வாய் குடித்தார். அந்த முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அவர் பெண்டாட்டி பச்சைப் புடவை, இடது கையில் மட்டும் வளையல்.

கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது இவள் சொன்னாள்: "எழுதி ஒட்டியும் இப்படியா? கண்ணிருந்தும் குருடி."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவரை நான் அப்புறம் மன்னித்துவிட்டேன், செத்துப்போனார். இவள் இன்னும் இருக்கிறாள்.

மறுநாள் நான் முதலில் படித்த சொல் 'உப்பு'. அந்த பாட்டிலைப் பார்த்துத்தான். பிறகு 'சர்க்கரை'. பிறகு பிள்ளைகளின் பாடப்புத்தகம், பஸ் பலகை, மருந்துச் சீட்டு. இப்போது பேத்தி வாங்கிக் கொடுத்த டைரியில் எழுதுகிறேன். எல்லாம் அந்தச் சொல் போட்ட விதை. வீடு பிரிந்தது, அவளோடு நேராகப் பேசுவதையும் விட்டேன். ஏதாவது சொல்லவேண்டுமானால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். நூறு குடுமி சேர்ந்தாலும் ரெண்டு கொண்டை சேராது என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்போது அவள் கண்ணில் திரை. நான்தான் கையைப் பிடித்து நடத்தப்போகிறேன். நாலு பேர் இருக்கிற இடமாகப் பார்த்து, அந்தச் சொல்லை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன்.

அதற்குத்தான் போகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ரயில். எதிர் சீட்டில் ஒரு பாத்திர வியாபாரி. பாவம், அவர்தான் நடுவில் ஆள்.

"அவங்களுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பேன். "இப்ப வேண்டாம்னு சொல்லுங்க" என்பாள் அவள். கொஞ்ச நேரம் அவரும் அங்கேயும் இங்கேயும் தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அம்மா, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?" என்றார். அடுத்த ஸ்டேஷனில் பெட்டி மாறிவிட்டார்.

மெலிந்துவிட்டாள். கண்ணாடி போடாமல் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. மூக்கில் கண்ணாடி இருந்த தழும்பு மட்டும் இருக்கிறது.

துணைக்கு வருகிறவர்கள் தங்குகிற விடுதி. சுவர் ஒரு முழம் கனம், ஜன்னல் விளிம்பில் சாமான் அடுக்கலாம். திறந்து பார்த்தேன். வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு ஒரு மணிக்கூண்டு. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால்... கூரையெல்லாம் கூர்கூராக, பென்சில் சீவி நிறுத்தினது மாதிரி.

பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

டாக்டர் நல்ல மனிதர். நம்மைப் பார்த்துப் பேசுகிறார், கம்ப்யூட்டரைப் பார்த்து இல்லை. வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் திரை முற்றியிருக்கிறது, எடுத்துவிடலாம். ஆனால் உள்ளே நரம்பும் தளர்ந்திருக்கிறது. "எடுத்த பிறகுதான் சொல்ல முடியும். தெரியலாம். தெரியாமலும் போகலாம். பொய் நம்பிக்கை நான் கொடுக்க மாட்டேன்" என்றார்.

அவள் கையைக் கையோடு கோத்து உட்கார்ந்திருந்தாள், பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி.

ஆபரேஷன் நாளைக்கு இல்லை, மறுநாள். இந்த டாக்டர்தான் காலேஜில் வாத்தியாராம், நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறார். "ஒரு நாள் சும்மா கெடைச்சிருக்கு. ஊரைச் சுத்திப் பாருங்க, பார்க்க வேண்டிய ஊர்" என்றவர், யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் சொன்னாள்: "நான் பார்க்கணும் டாக்டர்."

சுற்றி டாக்டர், நர்சு, இரண்டு பயிற்சி டாக்டர் பெண்கள். சரியாக நாலு பேர். சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கண்ணே தெரியாமல் நீ எதைப் பார்க்கப்போகிறாய் என்று ஆரம்பித்தால் போதும், மிச்சம் தானாக வந்து விழும்.

சொல்லவில்லை. இதைவிட நல்ல இடம் வரும் என்று வைத்துக்கொண்டேன். அவள் அதைச் சொன்ன குரல் டீச்சர் குரலாகவும் இல்லை.

நர்சு என்னைப் பார்த்து, "நீங்க கூட்டிட்டுப் போவீங்கதானே பாட்டி?" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

கால் வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். இன்றைக்குப் பார்த்ததை எழுதாமல் விட்டால் நாளைக்கு எனக்கே சந்தேகம் வரும்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பினோம். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வீதியில் இறங்கியதும்தான் உறைத்தது, நடுவில் ஆள் இல்லை. அவள் தன் கைப்பையிடம் சொன்னாள், இங்கே என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் தேவலை என்று. நான் எதிரே இருந்த சுவரிடம் சொன்னேன், வீதி கல் பாவினது, இரண்டு பக்கமும் உயரமான கல் வீடு, நடுவில் சைக்கிள் சைக்கிளாகப் பிள்ளைகள் போகிறார்கள் என்று. கொஞ்ச தூரம் இப்படியே சுவருக்கும் பைக்கும் பேச்சு நடந்தது. பிறகு ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு வந்தது. "ஓரமா வா டீச்சர்" என்று இழுத்தேன். அவ்வளவுதான், வாய் நேராகிவிட்டது. இத்தனை வருஷத்து வைராக்கியம் ஒரு சைக்கிளுக்குத் தாங்கவில்லை.

"அங்க ஒரு கோபுரம் நிக்குது" என்றேன்.

"கோபுரம்னா வேற. மணி அடிக்குதே, கேக்கலையா? இது மணிக்கூண்டு."

கண் போனாலும் சிவப்பு மை போகவில்லை.

ஆனால் அந்த மணி! ஒன்று அடித்து முடிப்பதற்குள் இன்னொரு கூண்டு ஆரம்பிக்கிறது, அது ஓய்வதற்குள் மூன்றாவது. ஒன்றுக்கொன்று மணி ஒத்துப்போகவில்லை, ஒரு நிமிஷம் முன்னே பின்னே. யாரும் அதைச் சரிசெய்யவில்லை போல. நெஞ்சுக்குள் வந்து அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் வீதி நடுவில் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். எங்களைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் போனார்கள், ஆறு கல்லைச் சுற்றிப் போவது மாதிரி.

பிறகு ஒரு பெரிய கட்டடம். படிக்கட்டு ஏறினோம். கருங்கல் படி, ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து கிடக்கிறது, பல தலைமுறை அரைத்த அம்மி மாதிரி. தண்ணீர் அரித்தது இல்லை. எல்லாம் ஏறி இறங்கின கால். நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று, குழந்தைக் கன்னம் மாதிரி இருந்தது. அவள் கையையும் பிடித்து அதில் வைத்தேன். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

"படி படின்னு சொன்னதுக்கு, பிள்ளைங்க படியையே தேச்சுட்டுப் போயிருக்காங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளுக்குத்தான் தெரியாதே, சிரித்திருக்கலாம்.

மாடியில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே பள்ளத்தாக்கு மாதிரி ஒரு கூடம். மேலிருந்து கீழே பெஞ்சு பெஞ்சாக இறங்குகிறது. அடியில் ஒரு கிழவர், தாடி வைத்தவர், ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார். மேலே அத்தனை பிள்ளைகளும் குனிந்து எழுதுகிறார்கள். அவர் கத்தவில்லை. பிரம்பு இல்லை. யாரும் யாரையும் முட்டிபோட வைக்கவில்லை. ஒருவன் தூங்குகிறான், அவனையும் விட்டுவிட்டார்கள். படிப்பு என்றால் எனக்குத் தெரிந்தது பிரம்பும் காதுத் திருகலும் இவள் மூக்குக் கண்ணாடியும்தான். இந்த மாதிரி ஒரு வீடு கட்டி, நடுவில் ஒரு மனுஷனை நிற்க வைத்து, உனக்குத் தெரிந்ததைச் சொல் என்று ஊரே உட்கார்ந்து கேட்குமா?

பார்த்ததைப் பார்த்தபடி அவள் காதில் சொன்னேன். அவள் கதவு நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவர் பேசினது எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது போலிருந்தது, தலையை ஆட்டினாள்.

வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்தபோது சொன்னாள்: "எனக்கு இங்கதான் எடம் கெடச்சுதுக்கா. சேர்றதுக்கு."

எனக்குத் தெரியாது. வீட்டில் யாருக்குமே தெரியாதாம். இடம் கிடைத்த அதே வாரம் எங்கள் வீட்டுச் சம்பந்தமும் வந்ததாம். அவள் அப்பா இரண்டில் எது நிச்சயமோ அதைப் பார்த்தார். "வாத்தியார் வேலைக்கு ஒரு வருஷப் படிப்பு போதும்னுட்டாரு" என்றாள். பெட்டிகூட வாங்கியிருந்தாளாம், பச்சை டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டியோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஞாபகம் இருக்கிறது, பரணில் ஏற்றியது நான்தான். கனமாக இருக்கிறதே, என்ன நகையா என்று கேட்டேன். புஸ்தகம் என்றாள். நான் முகத்தைச் சுளித்தேன்.

அங்கேயே பிள்ளைகள் சாப்பிடுகிற கேன்டீன். டீ வாங்கினேன். சர்க்கரை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மேஜையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில், மூடியில் ஓட்டை, மேலே சீட்டு.

கடவுளே, நீயும் மறக்காத ஆள்தான்.

அவள் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். கண் என் பக்கம் இருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. என் கை எந்த பாட்டில் பக்கம் போனது என்று இங்கே எழுத மாட்டேன். ஆனால் போட்டது சர்க்கரைதான். போடும்போது சத்தமாகச் சொன்னேன்: "இது உப்பு. இது சர்க்கரை. சீட்டு ஒட்டியிருக்கு. படிச்சுத்தான் போடறேன்."

அவள் கோப்பை அப்படியே நின்றது.

"நீங்க எப்பக்கா படிக்கக் கத்துக்கிட்டீங்க?"

"நீ சொன்ன மறுநாள்லேருந்து."

"நான் என்ன சொன்னேன்?"

ஞாபகம் இல்லையாம்! நான் பச்சைப் புடவையையும் ஒற்றைக் கை வளையலையும் மனதில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். இவள் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறாள். அடித்தவளுக்கு ஞாபகம் இருக்காது, பட்டவளுக்குத்தான் தழும்பு. என் டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

அந்தக் கோபத்தோடுதான் அந்த வாசலுக்குப் போனேன். அதனால்தான் அப்படி நடந்தது.

நூலகம் என்று வழியில் பலகை இருந்தது, அதைச் சரியாகவே படித்தேன். அந்த வாசல் எந்த வீட்டு வாசலும் இல்லை. யானை மேல் உட்கார்ந்தவன் தலை குனியாமல் போகலாம். இரண்டு கதவும் இரும்புப் பூண் போட்ட கட்டை. மேலே கல்லில் வளைவாக ஒரு வரி செதுக்கியிருந்தது.

"மேல ஏதோ செதுக்கியிருக்கு" என்று வாயைக் கொடுத்தேன்.

"என்னக்கா எழுதியிருக்கு? படிங்களேன். நீங்கதான் படிப்பீங்களே."

பார்த்தேன். கொக்கியும் கோடும் சுழியுமாக இருந்தது. ஓர் எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தெரியாத எழுத்தா, யாருக்குமே தெரியாத எழுத்தா, அதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்று உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். இவளிடமா? சற்று முன்னால்தானே சீட்டைப் படித்துக் காட்டி நெஞ்சை நிமிர்த்தினேன்.

சொன்னேன்: "செருப்பை வெளியே விடு. திமிரையும் வெளியே விடு."

அவள் முகம் ஒரு நிமிஷம் மேலே பார்த்தபடியே இருந்தது. பிறகு, "நல்ல வாசகம்" என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு காலாகத் தடவி, செருப்பைக் கழற்றினாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கழற்றின பிறகு நான் மட்டும் போட்டுக்கொண்டு போக முடியுமா? நானும் கழற்றினேன்.

கதவருகே நின்ற காவலாளி எங்கள் காலைப் பார்த்தார், பிறகு எங்கள் முகத்தைப் பார்த்தார். யாரும் தடுக்கி விழாமல் இரண்டு ஜோடிச் செருப்பையும் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

உள்ளே போனேன். என்ன எழுதுவது?

கல் தரை காலில் ஜில்லென்று ஏறியது. தலையைத் தூக்கினேன், தூக்கிக்கொண்டே போனேன். சுவர் இல்லை, எல்லாம் புத்தகம். ஆள் உயரத்துக்கு மேலே ஆள் உயரம், அதற்கும் மேலே, ஏணி போட்டு ஏறுகிற அளவுக்கு. எங்கேயோ உச்சியில் ஜன்னல், அங்கிருந்து வெளிச்சம் சாய்வாக இறங்கி, ஒரு பெண் படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் போய் விழுந்தது. அவளுக்காகவே அனுப்பினது மாதிரி. அத்தனை பேர் இருக்கிறார்கள், தாளைப் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. சாமி இல்லாத கோயில். இல்லை, எத்தனை சாமி என்று எண்ண முடியாத கோயில்.

இத்தனையும் மனுஷர்கள் சொன்ன சொல்லா? செத்துப்போனவர்கள் சொன்னதையெல்லாம் தூசி படாமல், கரையான் அரிக்காமல் வைத்திருக்க இவ்வளவு பெரிய வீடா? சொல்லைப் பத்திரமாக வைப்பதில் எனக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். இவர்கள் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள். ஆனால் இவர்கள் வைத்திருப்பது எடுத்துக் கொடுப்பதற்கு.

அவள் மூக்கை உறிஞ்சினாள். பழைய தாள் வாசனையாம். நடந்து ஒரு மேஜையைத் தொட்டாள். அதன் விளிம்பு முழங்கை பட்டுப் பட்டுக் குழிந்திருக்கிறது, படிக்கட்டு மாதிரியே. நாற்காலியைத் தடவி உட்கார்ந்து, அந்தக் குழிவில் தன் முழங்கையைப் பொருத்தினாள். என் காதை இழுத்து மெல்லச் சொன்னாள்.

"இங்கதான் உக்காந்திருப்பேன்க்கா."

நாலு பேர் இல்லை, ஒரு கல்யாணக் கூட்டமே சுற்றி இருந்தது. நான் எதிர்பார்த்து வந்த இடம் இதுதான். ஆனால் அது பேசக்கூடாத இடம். பலகையில் எழுதியிருந்தது, அதையும் சரியாகவே படித்தேன்.

பலகை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது சொன்னாள்: "கண்ணு தெரிஞ்சா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அந்த வாசலை நான் பார்க்கணும். அந்த வரியை நானே படிக்கணும்."

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். வண்டியில் படுத்தபடி என் கையைத் தேடினாள். கொடுத்தேன். மோதிரம் கழற்றின விரல் வெளுத்திருந்தது. கதவு மூடிவிட்டது.

பெஞ்சில் உட்கார முடியவில்லை. எனக்கு ஒரு கவலை இல்லை, இரண்டு. கண் வராவிட்டால் அவள் இருட்டிலேயே கிடப்பாள். கண் வந்தால் அந்த வாசலுக்குப் போவாள். போனால் நான் கதை விட்டது தெரியும். தெரிந்தால் என்ன சொல்வாள்? பழைய சொல்தான் தயாராக இருக்கிறதே.

முடிய நேரமாகும் என்று நர்சு சொன்னதால் நூலகத்துக்கு நடந்தேன். காவலாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார், முதலில் காலை, பிறகு முகத்தை. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார். அது பேச்சிலிருந்தே போய்விட்ட மொழியாம். உள்ளே ஒரு வயதான பேராசிரியருக்கு மட்டும் அந்த எழுத்து தெரியுமாம், அவரும் உடம்பு சரியில்லாமல் வருவதில்லையாம்.

அப்படியென்றால் டீச்சருக்கும் தெரியாது! நெஞ்சில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினது மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே வற்றிவிட்டது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, சரி. எனக்கும் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

"நீங்க என்னன்னு நெனச்சீங்கம்மா?" என்று கேட்டார். சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "அதான் பார்த்தேன். நேத்து உங்க செருப்பைப் பார்த்துட்டு இன்னும் ரெண்டு பேரு கழட்டி வச்சுட்டுப் போனாங்க" என்றார்.

திரும்பி நடக்கும்போது மணிக்கூண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. நின்று கேட்டேன். வரட்டும். அவளுக்குக் கண் வரட்டும். பொய் தெரிந்தால் தெரியட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

இதை எழுதுவது நானா?

பிப்ரவரி 28

கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. நாளைக்காம். ஊட்டிவிட்டேன். சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 1, சனி

டாக்டர் வந்தார், கூடவே பிள்ளைகள் ஒரு கூட்டம். கட்டை அவிழ்த்தார். கண்ணை மெதுவாகத் திறக்கச் சொன்னார். என் முந்தானையை நானே பிழிந்துகொண்டிருந்தேன்.

வெளிச்சம் தெரியுது என்றாள். டாக்டர் விரலைக் காட்டினார். அவள் உற்றுப் பார்த்தாள், பார்த்தாள். "ரெண்டு" என்றாள். மாற்றிக் காட்டினார். "நாலு. நகம் வெட்டணும் டாக்டர்."

அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். நரம்பு தாங்கிக்கொண்டது என்றார் டாக்டர். ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கலாகவே இருக்குமாம். நேராகப் பார்ப்பதற்குக் குறைவில்லை.

அவள் முகம் திரும்பி என்னைத் தேடியது. வந்து நின்றது.

"அக்கா. உங்க முடியெல்லாம் எப்ப வெளுத்துச்சு?"

நேராகப் பேசாத வருஷமெல்லாம் நேராகப் பார்க்காத வருஷமும்தானே. ஜன்னல் திரை கோணலாக இருந்தது, அதைச் சரிசெய்யப் போய்விட்டேன். சரிசெய்ய ரொம்ப நேரம் பிடித்தது.

மார்ச் 3, திங்கள்

சாயங்காலம் ரயில். காலையிலேயே சீவி முடித்துக் கிளம்பி நின்றாள். கறுப்புக் கண்ணாடி. எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வழியெல்லாம் நின்று நின்று பார்த்தாள். நான் சொன்னதையெல்லாம் சரிபார்க்கிறாள், நோட்டுத் திருத்துகிற மாதிரி. கல் வீதிக்கு ஒரு தலையாட்டல். படிக்கட்டுக்கு ஒன்று. மணிக்கூண்டைப் பார்த்து, "நீங்க சொன்னதைவிட உயரம்" என்றாள். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் நான், வாசலுக்கு இன்னும் எத்தனை தூரம் என்று எண்ணிக்கொண்டேன்.

வாசலுக்கு வந்தோம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள். ஒரு கண்ணால், வலமிருந்து இடம், இடமிருந்து வலம். நான் காவலாளியைப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்த்தார்.

என் வாய்க்குள் நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்தது ஒன்றும் இல்லை. நீயே சொல், சொல்லித் தொலை என்று நின்றேன்.

அவள் தொண்டையைச் செருமினாள். வகுப்பில் படிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"செருப்பை வெளியே விடு. திமிரையும் வெளியே விடு."

அவள் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குக் கீழ இன்னொரு வரி இருக்குக்கா. அன்னைக்கு நீங்க படிக்காம விட்டுட்டீங்க."

கீழே வரி எதுவும் இல்லை. வெறும் கல்.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"'கேக்காம டப்பாவை மாத்துனவ மேலதான் தப்பு. உப்பு போட்டவ மேல இல்ல.'"

வாசலில் பிள்ளைகள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். நான் மேலே பார்த்தேன், அந்த வெறும் கல்லை. நேரமெடுத்துப் பார்த்தேன்.

"எழுத்து பொடி. எனக்குத் தெரியல" என்றேன்.

"எனக்கும் இத்தனை நாள் தெரியல. கண்ணைக் கட்டிப் போட்டாங்களே, வேற என்ன வேலை? பழசெல்லாம் பார்த்துக்கிட்டுக் கெடந்தேன். அந்த மேனேஜர் பொண்டாட்டி பச்சைப் புடவைதானே?"

"பச்சைதான்."

குனிந்து செருப்பைக் கழற்றினாள். இந்தத் தடவை சுவரைப் பிடிக்கவில்லை, என் தோளைப் பிடித்தாள். உள்ளே போய் அதே மேஜையில் உட்கார்ந்தாள். ஒரு புத்தகத்தை எடுத்து முகத்துக்குக் கிட்டே வைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தேன். எவ்வளவு பார்த்தாலும் அது முடியவில்லை.

நான் வைத்துக்கொண்டு வந்த சொல்லை அங்கேதான் விட்டுவிட்டு வந்தேன் போலிருக்கிறது. ரயிலில் தேடினேன், நாக்கில் இல்லை. அங்கே எவ்வளவோ இருக்கிறது, அதோடு இதுவும் ஒரு மூலையில் கிடக்கட்டும்.

ரயிலுக்கு முன்னால் அந்தக் கேன்டீனில் டீ குடித்தோம். பாட்டிலை அவள் எடுத்தாள். என் கோப்பையில் அவளே போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். நான் சீட்டைப் பார்க்கவில்லை. குடித்தேன்.